மகளுக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு விசை

பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகும் முன்பு, எழுதிக் கொடுப்பவரை எதிரில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து சொத்து விவரம் வரை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுவது எங்கள் அலுவலகத்தில் மாறாத வழக்கம். கிருஷ்ணகிரியில் ஓர் ஆவண எழுத்தரிடம் பதினான்கு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவரும் எனக்கு அந்த வாசிப்பு நாளடைவில் ஒரு சடங்காகிவிட்டிருந்தது. வாய் படித்துக்கொண்டிருக்கும், மனம் அடுத்த பத்திரத்துக்குப் போயிருக்கும். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி, தம் பெயரில் இருந்த புஞ்சைக் கொல்லையை மகளுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவைக்க விரும்பினார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நான் வந்தபோது அவர் கையை உயர்த்தினார். “இருப்பா சாமி, மக்களுக்குன்னு படிக்கிறியே? மக்கன்னா பசங்களும் சேந்துதானே? நான் மவளுக்குத்தானே எழுதச் சொன்னேன்?”

திரையைப் பார்த்தேன். பத்திரத்தில் ஆறேழு இடங்களில் ‘என் மகளுக்கு’ என்று சரியாக இருந்தது. அந்த ஓரிடத்தில் மட்டும் ‘என் மக்களுக்கு’ என்று இருந்தது. பெயரும் உறவுமுறையும் முகப்பிலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்ததால், அந்த ஒரு சொல்லால் கொல்லை மகன்களுக்கும் பங்காகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பதிவாகிவிட்டிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று போட வேண்டியிருந்திருக்கும். அந்த அம்மா மறுபடி பேருந்து ஏறி வர வேண்டியிருந்திருக்கும். அதற்குள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டில் யார் என்ன பேசுவார்களோ யாருக்குத் தெரியும். ஐயா என்னை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

என் கவனக்குறைவு என்றுதான் முதலில் நம்பினேன். ஆனால் அன்று மாலை, அந்த மாதம் அடித்த கோப்புகளைத் திறந்து பார்த்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. சில வாரங்களாகவே ‘பகுதி’ என்பது ‘பக்குதி’ என்றும், ‘வகை’ என்பது ‘வக்கை’ என்றும், ‘தகப்பனார்’ என்பது ‘தக்கப்பனார்’ என்றும் அவ்வப்போது வந்து விழுந்துகொண்டிருந்தன. அவை கண்ணுக்கு உடனே உறுத்துவதால், ஏன் வருகின்றன என்று யோசிக்காமலே திருத்திக்கொண்டு போயிருக்கிறேன். எல்லாவற்றிலும் இரட்டித்தது ககரம் ஒன்றுதான். ‘மக்களுக்கு’ மட்டும் உறுத்தவில்லை. ஏனெனில் அது நல்ல தமிழ்ச் சொல்.

நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவன். ஒரு மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும் என்பதுதான் அந்த முறையின் பெரிய வசதி. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அரசு ஏற்றுக்கொண்ட அந்த அமைப்பை வகுத்தவர்கள், தமிழில் இரட்டிக்கும் மெய்கள் எவ்வளவு மிகுதி என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் அதன் மறுபக்கம் எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு விசை தவறுதலாக இருமுறை பதிந்தால், பெரும்பாலும் பார்த்தவுடன் தெரியும் எழுத்துப்பிழை கிடைக்கும். தமிழில் அதே கோளாறு ‘எடு’வை ‘எட்டு’ ஆக்கும், ‘குடி’யைக் ‘குட்டி’ ஆக்கும், ‘விலை’யை ‘வில்லை’ ஆக்கும், மகளை மக்களாக்கும். இரட்டித்தல் நம் மொழியில் பொருளை மாற்றும் இலக்கணம். எனவே பழுதான சுவிட்ச் ஒன்று இங்கே இலக்கணம் பேசத் தொடங்கிவிடுகிறது. ஒலிப்பு முறையில், ஆங்கில எழுத்துகளால் தமிழ் அடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பழைய தட்டச்சு முறைக்காரர்கள் மட்டும் தப்பித்தார்கள். அவர்களுக்கு ‘மககள்’ என்று விழுந்து, தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த விசைப்பலகை வந்த விதம்

அலுவலகத்தில் அதற்கு முன்பு இருந்தது டிவிஎஸ் கோல்டு. மருந்துக்கடையிலும் மாம்பழக்கூழ் ஆலையின் கணக்கர் மேசையிலும் உட்கார்ந்திருக்கும் அதே கனத்த பலகைதான். நெடுங்காலம், ஒவ்வொரு விசைக்கும் அடியில் செர்ரி நிறுவனத்தின் நீலச் சுவிட்சோடு வந்த அது, ஒவ்வொரு தட்டலுக்கும் ‘டக்’ என்று பதில் சொல்லும். மெக்கானிக்கல் விசைப்பலகை என்பது ஏதோ விளையாட்டுப் பிள்ளைகளின் வண்ணவிளக்குச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள், பெயர் தெரியாமலே பல ஆண்டுகள் அதைத் தட்டியிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு மதிப்பும் உண்டு. காத்திருப்பவர்களுக்கு அது கேட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை நடக்கிறது என்று தோன்றும், இரண்டு நிமிடம் ஓசையில்லாமல் இருந்தால் “எழுதுறாங்களா இல்லையா?” என்று எட்டிப் பார்ப்பார்கள்.

பிறகு ஏன் வயர்லெஸ் என்று கேட்டால், மேசைதான் காரணம். பத்திரத் தாள்கள், பழைய மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, ஸ்டாம்ப் பேட், பிரிண்டர் எல்லாம் ஒரே மேசையில். கையெழுத்து வாங்கும் நேரத்தில் விசைப்பலகையை எங்காவது ஒதுக்கியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் வயர் இழுத்து, ஒருநாள் மைப்பட்டையைத் தட்டிவிட்டு ஒரு மூலப்பத்திரத்தின் ஓரம் நீலமானது. கூடவே, இரவு வீட்டில் மடிக்கணினியில் இந்த வலைப்பதிவை எழுதவும் அதே பலகை உதவினால் நல்லது என்ற ஆசையும் இருந்தது. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், “மாமா, மூணு சாதனத்துல மாத்தி மாத்தி இணைக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு, சத்தமும் உங்களுக்குப் பழகின அதே ப்ளூ சுவிட்ச்தான்” என்று இணையத்தில் தேடி ஒன்றை வாங்கி அனுப்பினான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மூவாயிரத்துக்குள் கிடைத்தது, அந்த விலைக்கு அது செய்ததற்குமேல் எதிர்பார்த்தது என் தவறாகவும் இருக்கலாம்.

முதல் மாதமே சில்லறைத் தொல்லைகள் தொடங்கின. சில நிமிடம் தொடாமல் விட்டால் மின்கலத்தைச் சேமிக்க அது தூங்கிவிடும். எழுப்பும் முதல் தட்டல் புளூடூத் வழியே போய்ச் சேர்வதில்லை. வீட்டில் ஒரு வரைவை அடித்தபோது, யோசித்துவிட்டு ‘மகள்’ என்று தொடங்கினேன். மகரம் விழுங்கப்பட்டு ‘கள்’ என்று வந்தது. (கள் இறக்கத் தடை உள்ள மாநிலத்தில் தான செட்டில்மெண்டில் அதை எழுதிவைக்க முடியாது.) இதற்கு மருந்து எளிது: யோசித்து முடித்ததும் ஷிப்ட் விசையை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டு எழுதத் தொடங்குவது. அலுவலகக் கணினியில் புளூடூத் இல்லாததால் அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சிறு அலைவாங்கி. அதைக் கணினியின் பின்புறத்தில், வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்த யூஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நகல் எடுக்கும்போதெல்லாம் எழுத்துகள் உதிர்ந்தன. யூஎஸ்பி 3.0 இணைப்பு இயங்கும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு முழ நீள நீட்டிப்பு வயரில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வைத்ததும் சரியானது.

வயர்லெஸ் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. மலிவான டாங்கிள்கள் சில, தட்டும் எழுத்தை மறையாக்கம் செய்யாமலே காற்றில் விடுகின்றன என்பதைப் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் 2016இல் அம்பலப்படுத்தினார்கள். நாள் முழுவதும் பிறருடைய ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் தட்டிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்கள், மறையாக்கம் உண்டா என்று கேட்காமல் டாங்கிள் வாங்கக் கூடாது. நான் கேட்காமல்தான் வாங்கினேன்.

குற்றவாளி யார்

‘மக்களுக்கு’ விவகாரத்துக்குப் பிறகு, இரட்டிப்பதும் வயர்லெஸ் கோளாறுதான் என்று முதலில் முடிவுகட்டினேன். வயர்லெஸ்ஸில் அப்படி நடப்பதும் உண்டு. விசையை விட்டுவிட்ட செய்தி வழியில் தொலைந்துபோனால், கணினி அதை அழுத்திப் பிடித்திருப்பதாக எண்ணி எழுத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் எனக்கு இரண்டே இரண்டு, அதுவும் ககரம் மட்டும். சந்தேகம் தீர, சார்ஜ் வயரையே செருகி வயர் வழியாக இயக்கிப் பார்த்தேன். நோட்பேடில் ஆங்கிலத்துக்கு மாறி, ககரம் இருக்கும் எச் விசையை நிதானமாக நூறு முறை தட்டினேன். நூற்றுக்கு மேல் விழுந்தது. பக்கத்து ஜே விசை நூறு முறைக்கு நூறுதான். காற்றில் குற்றமில்லை.

மெக்கானிக்கல் சுவிட்சின் உள்ளே நடப்பது மிக எளிய காரியம். தண்டு கீழே இறங்கும்போது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன, தொட்டால் எழுத்து. ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடும்போது ஒரே தொடலாக நிற்பதில்லை, நுண்ணிய அளவில் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் சேர்க்காதிருக்க, பலகையின் உள்ளிருக்கும் நிரல் சில மில்லி வினாடிகள் காத்திருக்கிறது; க்யூஎம்கே என்ற திறந்த நிரலில் வழக்கமான அளவு 5 மில்லி வினாடி. தகடுகள் தூய்மையாக இருக்கும்வரை அது போதும். நடுவில் தூசி புகுந்தாலோ, தகட்டில் களிம்பு ஏறினாலோ, துள்ளல் நீண்டு, காத்திருப்பு முடிந்த பிறகும் தொடர்கிறது. நிரல் அதை இரண்டாவது தட்டல் என்று எடுத்துக்கொள்கிறது. ஐந்து கோடித் தட்டல், பத்துக் கோடித் தட்டல் என்று பெட்டியில் அச்சிடப்படும் ஆயுள் கணக்கு தூசியில்லாத உலகத்துக்கானது. எங்கள் அலுவலகமோ கிரானைட் பாளங்கள் ஏற்றிய லாரிகள் போய்வரும் சாலையோரத்தில் இருக்கிறது. காலையில் துடைத்த மேசையில் மதியம் பெயர் எழுதலாம். அதிகம் தட்டப்படும் ககரத்தில் அந்தக் கல்தூசி முதலில் வேலையைக் காட்டியிருக்கிறது.

புதிது வாங்காமல் சமாளிக்கலாமே என்று விண்டோஸில் இருக்கும் ஒரு வசதியை நாடினேன். விரைவாக இரண்டாம் முறை விழும் தட்டலைப் புறக்கணிக்கச் சொல்லும் ‘ஃபில்டர் கீஸ்’ அமைப்பு அது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்தது. அதன் குறைந்தபட்ச அளவே அரை வினாடி. அரை வினாடிக்குள் யாருமே ஒரே விசையை இருமுறை வேண்டுமென்று தட்டமாட்டார்கள் என்பது அதன் கணக்கு. தமிழ்99காரன் ஒவ்வொரு சொல்லிலும் தட்டுவான் என்பது அதற்குத் தெரியாது. அன்று முழுவதும் நோய் தலைகீழானது. ‘மக்கள்’ எல்லாம் ‘மகள்’ ஆனார்கள். ‘நான்கு எல்லைக்குள்’ என்பது ‘நான்கு எலைகுள்’ ஆனது. உச்சமாக, எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குச் சொல்லும் ‘கொல்லை’யில் ஒரு லகரம் குறைந்து, ‘மேற்படி கொலையில் என் சகல உரிமைகளும்’ என்று ஒரு வரி வந்தது. அதை மட்டும் ஐயாவுக்குக் காட்டினேன். அவர் சிரித்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன்.

ஊரில் கைப்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். சுவிட்ச் பலகையில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றி மாற்ற முடியும், ஆனால் மாற்று சுவிட்ச் அவரிடம் கிடையாது. “எஸ்.பி. ரோட்டுக்குப் போனாத்தான் கிடைக்கும்ணே” என்றார்.

செமிகோலன்

கிருஷ்ணகிரியில் கிடைக்காத எதையும் ஓசூர் வழியாகப் போய்ப் பெங்களூரில் தேடுவது எங்களுக்கு இயல்பு; சுமார் 90 கிலோமீட்டர்தான். ஒரு சனிக்கிழமை, பலகையை லுங்கித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். எஸ்.பி. ரோட்டில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கிய பின், ஒரு மாடியில் சிறிய கடை. தமிழும் கன்னடமும் கலந்து பேசும் இளைஞர் ஒருவர் பலகையை வாங்கி விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தார். நான் ககரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், நீங்க ஜாவா ப்ரோகிராம் எழுதுறீங்களா?” என்றார். இல்லை, பத்திரம் எழுதுகிறேன் என்றேன். “அப்புறம் செமிகோலன் எப்படி சார் இப்படித் தேஞ்சிருக்கு?”

அது எனக்கு ‘ந’. பதினான்கு ஆண்டுகளாக அதன்மேல் விரலை வைத்தே எழுதியிருக்கிறேன். அது செமிகோலன் என்பது மறந்தே போயிருந்தது. அவர் கேட்டபிறகுதான் பலகையை நானும் ஒரு வரைபடம்போலப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் முதலில் தேயும் ஈ எழுத்து, எனக்கு ஊகாரம் என்பதால், வாங்கிய அன்றுபோல் இருந்தது. ஔகாரம் இருக்கும் இசட் தொடப்படவே இல்லை. புள்ளி இருக்கும் எஃப், ககர எச், தகர எல் ஆகியவை பளபளத்துக் கிடந்தன, இவை எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது வலது ஓரம். செமிகோலன், அதையடுத்த மேற்கோள் குறி, அதற்கு மேலே அடைப்புக்குறி ஆகிய மூன்றும் எண்ணெய் தடவியதுபோல் மின்னின. ந, ய, ச.

கடையிலேயே நின்று விரல்விட்டு எண்ணினேன். தமிழ்99இல் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். வகரமும் ஙகரமும் மட்டும் இடக்கைச் சுட்டுவிரலுக்கு. மற்ற பதினாறு மெய்களில், முறைப்படி பழகியவர்களின் வலக்கைச் சுட்டுவிரலுக்கு ஆறு, நடுவிரலுக்கு ம, ன என இரண்டு, மோதிரவிரலுக்கு த, ட என இரண்டு. மீதி ஆறும், அதாவது ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய அத்தனையும், சுண்டுவிரலுக்கு. ‘மஞ்சள்’ என்று எழுதினால் அது அடுத்தடுத்து இரண்டு இடத்துக்குத் தாவ வேண்டும். ‘எண்ணெய்’ என்றால் மூன்று தட்டல். எங்கள் கிருஷ்ணகிரி அணைக்கு வரும் தென்பெண்ணை ஆற்றை ஒவ்வொரு நான்கெல்லையிலும் எழுதுகிறேன்; ‘பெண்ணையாறு’ முழுவதிலும் அந்த விரலுக்கு ஓய்வில்லை. ஆங்கிலம் அடிப்பவனுக்கு அதே விரலின் கீழ் இருப்பவை எப்போதாவது வரும் நிறுத்தற்குறிகளும் ஒற்றை ‘பி’ எழுத்தும். அமைப்பை வகுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு மெய்களை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும், அதிகம் வரும் க, த, ம போன்றவற்றை நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

எட்டு மாதமாக வலக்கைச் சுண்டுவிரலில் மாலை நேரங்களில் ஒரு வலி இருந்தது. குளிர் என்றும், வயது என்றும், வண்டி ஓட்டுவதால் என்றும் மாறி மாறிக் காரணம் சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடிக் கடையில், சுவிட்ச் வகைகளை வரிசையாகப் பொருத்திய ஒரு சிறு பலகையைக் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் சுட்டுவிரலால்தான் அழுத்திப் பார்ப்பார்களாம். நான் சுண்டுவிரலால் அழுத்தினேன். நீலத்துக்கு ஏறத்தாழ 60 கிராம் விசை வேண்டும், பழுப்புக்கு 55, சிவப்புக்கு 45. எண்களாகப் படித்தபோது இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. சுட்டுவிரலுக்கு இப்போதும் தோன்றவில்லை. சுண்டுவிரல் நீலத்தில் நின்று யோசித்தது. சிவப்பில் தயங்காமல் இறங்கியது. ஓரத்தில் இருந்த கேட்டரான் கிளியர் என்ற 35 கிராம் சுவிட்சில் வைத்ததுமே விழுந்துவிட்டது.

நான் படித்த மதிப்புரைகள் அத்தனையும், என் அக்காள் மகன் படித்தவையும், சத்தத்தைப் பற்றிப் பேசின. விளக்கைப் பற்றிப் பேசின. அலுமினிய உடலின் கனத்தைப் பற்றி உருகின. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய சுண்டுவிரல் சும்மா இருந்தது, அவ்வளவுதான். எந்த மொழியை, எந்த முறையில் அடிக்கப்போகிறோம் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இதே குறை வேறு வகையிலும் வரும்: மேசையில் இடம் மிச்சமாகும் என்று சிறிய 60 விழுக்காட்டுப் பலகை வாங்க நினைத்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை அடைப்புக்குறி விசைகளை விட்டுவைத்திருக்கின்றன. ஆனால் பைக்குள் அடங்கும் மிகச்சிறிய சிலவற்றில் அவை வேறொரு விசையோடு சேர்த்து அழுத்த வேண்டியவையாக ஒளிந்துகொள்கின்றன. ஆங்கிலத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. நமக்குச் சகரமும் ஞகரமும் போய்விடும்.

ஜப்பானில் டாப்ரே நிறுவனத்தின் ரியல்ஃபோர்ஸ் பலகைகளில், விரலுக்கு ஏற்ப விசையின் கனத்தை மாற்றி, சுண்டுவிரல் பக்கம் 30 கிராம் வைக்கும் வகை நெடுநாளாகவே இருக்கிறது என்று அந்த இளைஞர் சொன்னார். அதில் உலோகத் தொடுகையே கிடையாது, மின்தேக்கத்தின் மாற்றத்தைக் கொண்டு தட்டலை உணர்வதால் துள்ளலும் இல்லை. விலையைக் கேட்டதும் டீ குடிக்கப் போய்விட்டேன்.

வாங்கியது

டீக்கடையில் நின்று யோசித்தபோது தேவை சுருங்கித் தெளிந்தது. சுவிட்சைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய, ஹாட்-ஸ்வாப் என்று சொல்லும் பலகையாக இருக்க வேண்டும். ககரம் மறுபடி கெட்டால், ஆண்டு முழுவதும் நான் தொடாத ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சைப் பிடுங்கி அங்கே செருகிவிட்டுப் பத்திரத்தை முடிக்கலாம். துள்ளல் அடங்க நிரல் காத்திருக்கும் நேரத்தை நானே கூட்டிவைக்க முடிய வேண்டும். என் விரல் எவ்வளவு வேகமாக ‘க்க’ என்று தட்டினாலும் இரண்டு தட்டலுக்கு நடுவே சுவிட்சின் துள்ளலைவிடப் பல மடங்கு நேரம் இருப்பதால், கொஞ்சம் கூட்டினால் மக்களுக்கும் பாதகமில்லை, மகளுக்கும் பாதகமில்லை. சர்வே எண்களும் தொகைகளும் ஓயாமல் வருவதால் எண்பலகை வேண்டும். சத்தம் இரண்டாம் பட்சம்.

கீக்ரான் வி6 மேக்ஸ் வாங்கினேன். முழு அளவுப் பலகை, புளூடூத், டாங்கிள், வயர் மூன்றும் உண்டு, நிரல் க்யூஎம்கே. 4000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம். பின்விளக்கை அணைத்துவைத்தால் சார்ஜைப் பற்றிய நினைப்பே வருவதில்லை, ஏற்றினால் அதுவே மின்கலத்தைக் குடித்துவிடும். பத்தாயிரத்தைத் தாண்டியது. வீட்டில், “அந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளாட்டுக் குட்டி வாங்கியிருக்கலாமேங்க” என்ற ஒரு வரியோடு விசாரணை முடிந்தது. குட்டிகள் இந்நேரம் ஆடுகளாகியிருக்கும் என்ற இரண்டாம் வரி அவ்வப்போது வருகிறது. இரவில் நீலச் சுவிட்சின் சத்தம் இல்லை என்பதை மட்டும் பாராட்டினார்.

அதோடு வந்த சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு, கெய்ல் நிறுவனத்தின் பாக்ஸ் ரெட் போட்டேன். 45 கிராம்தான்; ஆனால் தொடுதகடுகளைத் தனிச் சிறு பெட்டிக்குள் அடைத்து, தூசிக்கும் நீருக்கும் ஐபி56 என்ற தரத்தில் காப்பு கொடுத்திருக்கிறார்கள். கிரானைட் ஊருக்கு அது பொருத்தம் என்று பட்டது. சுண்டுவிரலின் ஆறு விசைகளுக்கு மட்டும் கேட்டரான் கிளியர். இவற்றுக்கு அந்தத் தூசிக் காப்பு கிடையாது என்பது தெரிந்தே செய்தது. விரலா, தூசியா என்று வந்தபோது விரலின் பக்கம் நின்றேன், உதிரியாக நான்கு கூடுதலாக வாங்கி ஸ்டாம்ப் பேட் டப்பாவில் போட்டுவைத்திருக்கிறேன். மாற்றுவது கடினமில்லை. செருகும்போது சாய்த்துவிட்டால் அடியிலுள்ள செப்புக் கால் மடங்கிவிடும். எனக்கு இரண்டு மடங்கின, இடுக்கியால் நிமிர்த்தியதில் ஒன்று பிழைத்தது.

முதல் இரண்டு நாள் எழுத்துப்பிழை கூடியது. விரலைச் சும்மா வைத்தாலே ‘ந’ விழுந்தது. மூன்றாம் நாள் விரல் தன் கனத்தைக் குறைத்துக்கொண்டது. வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசியில் பதிவு குவியும் நாட்களில் மாலையில் தலைகாட்டுகிறது. ஆனால் தைலப் புட்டி இப்போது ஐயாவின் முழங்காலுக்குப் போய்விட்டது.

போன மாதம், எங்கள் வரிசையில் இரண்டு கடை தள்ளி இருக்கும் மூத்த ஆவண எழுத்தர், நான் விசைகளைப் பிடுங்கிச் செருகுவதைக் கேள்விப்பட்டு, தம் பழைய பலகையை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். “எனக்கு எது சரிப்படும்னு சொல்லேம்ப்பா, நீதான் ஆராய்ச்சி பண்றியாமே” என்றார். அவர் தட்டச்சு இயந்திரத்தில் பழகி, அதே பழைய முறையில் கணினியிலும் அடிப்பவர்; என் ஆறு விசைகளின் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அதனால் பதில் சொல்லாமல், பலகையை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். செமிகோலன் என்னுடையதைவிட மோசமாகத் தேய்ந்து, நடுவில் குழியே விழுந்திருந்தது. பழைய முறையில் புள்ளி இருப்பது அங்கேதான். அங்கே எதுவும் தானாக விழாது, ஒவ்வொரு புள்ளியையும் கையால்தான் வைக்க வேண்டும்.

“சுண்டுவிரல் வலிக்குதாண்ணே?” என்றேன்.

கையை ஒருமுறை விரித்து மடக்கினார். “ஏழு வருசமாப்பா. உனக்கு எப்படித் தெரியும்?”